பெயர் தெரியாத பாத்திரம்

மார்கழியின் கடைசி வாரம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் பரண்கள் காலியாகத் தொடங்கும். போகிக்கு முன்பாக வீட்டைத் துப்புரவு செய்து, வெள்ளையடித்து, வேண்டாதவற்றைக் கழிப்பது நெடுநாள் வழக்கம். பழைய பித்தளைக்கு எவர்சில்வர் கொடுப்பவரும், செம்பையும் ஈயத்தையும் எடைக்கு எடுப்பவரும் தெருவில் குரல் கொடுப்பது இந்நாட்களில்தான். அப்போது பரணிலிருந்து இறங்கும் சாக்கு மூட்டையில், எதற்குப் பயன்பட்டது என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்காத ஒன்றிரண்டு பொருள்கள் இருக்கக்கூடும். அவற்றைப் பற்றியே இந்த வாரம் சிந்திப்போம்.

பெயர் தெரியாத பொருளுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, “ஒன்றுக்கும் உதவாதது” என்று சொல்லி எடைக்கு எடுத்துச் செல்பவர். மற்றொன்று, “இது கோடிக்கணக்கில் விலை போகும்” என்று காதோடு சொல்லி நம் சேமிப்பை எடுத்துச் செல்பவர். இருவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதுபோல் தோன்றினாலும், இருவருக்கும் வழி திறந்துவிடுவது ஒன்றே: அந்தப் பொருள் இன்னதென்று நமக்குத் தெரியாமை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். செம்பினாலான ஒரு கிண்ணம், தேங்காய் மூடியைப் போன்ற அரைக்கோள வடிவம், மெல்லிய தகடு, அடியில், நடு மையத்தில், நுண்ணிய துளை ஒன்று. பார்த்தவுடன் “ஓட்டைக் கிண்ணம்” என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் தேய்ந்து விழுந்த ஓட்டை இவ்வளவு சரியாக மையத்தில், இவ்வளவு வட்டமாக அமையாது. வேண்டுமென்றே இடப்பட்ட துளை இது. அந்தக் கிண்ணம் நாழிகை வட்டிலாக இருக்கலாம்.

அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி அதன்மீது வட்டிலை மிதக்கவிடுவார்கள். துளையின் வழியே நீர் சிறுகச் சிறுக உள்ளே ஏறும். நிறைந்ததும் வட்டில் மூழ்கும். அது மூழ்க எடுத்துக்கொள்ளும் காலம் ஒரு நாழிகை. அதாவது 24 நிமிடங்கள். மூழ்கியதும் எடுத்து, நீரைக் கவிழ்த்து, மீண்டும் மிதக்கவிட வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் 60 நாழிகை. செம்புக் கிண்ணம் ஒரு நாளில் 60 முறை மூழ்கும்படி அமைக்கப்படும் இந்தக் கருவியைச் சூரிய சித்தாந்தம் என்னும் வானியல் நூல் கூறுகிறது. சங்க இலக்கியமான முல்லைப்பாட்டில் நாழிகைக் கணக்கர் வருகின்றனர். குழந்தை பிறந்த நேரத்தைக் கணிக்கவும், முகூர்த்த வேளையை அறியவும், கடிகாரம் வருவதற்கு முன் நம் முன்னோர் நம்பியிருந்தது இத்தகைய வட்டிலைத்தான்.

அடியில் துளையுள்ள செம்புப் பாத்திரம் எல்லாமே நாழிகை வட்டில் ஆகிவிடாது. விளிம்பில் சங்கிலி கோப்பதற்கான வளையங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடிப்பாகம் குடம்போல் குவிந்து, துளை சற்றே பெரிதாக இருந்தால், அது தாராபாத்திரமாக இருக்கலாம். சிவலிங்கத்தின் திருமுடிமேல் இதைத் தொங்கவிட்டு, துளையில் தர்ப்பையையோ நூல்திரியையோ செருகி, சொட்டுச் சொட்டாக நீர் விழச் செய்வார்கள். அக்னி நட்சத்திர நாட்களில் நம் சிவாலயங்களில் இந்தத் தாராபிஷேகத்தை அன்பர்கள் பலரும் தரிசித்திருப்பீர்கள். முன்னதில் நீர் துளை வழியே உள்ளே ஏறுகிறது. பின்னதில் வெளியே இறங்குகிறது. துளை ஒன்றே, தொழில் வேறு.

இவ்விரண்டையும் வேறுபடுத்த எளிய சோதனை உண்டு. வாளியில் நீர் நிரப்பிக் கிண்ணத்தை மிதக்கவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 24 நிமிடங்களில் மூழ்கினால் உங்கள் கையில் இருப்பது காலம் காட்டிய கருவி என்று கொள்ளலாம். களிம்பு ஏறித் துளை அடைபட்டிருந்தால் கூடுதல் நேரம் ஆகும். அப்போது ஊசியால் குத்திவிடாதீர்கள். துளை இம்மியளவு பெரிதானாலும் அதன் கணக்கே மாறிவிடும். பிறகு அது வெறும் ஓட்டைக் கிண்ணமாகவே ஆகிவிடும்.

துளைகள் பல உள்ள தட்டு ஒன்று கிடைத்தால், சல்லடை என்று எண்ணி அடுக்களைக்கு அனுப்பிவிடுகிறோம். அது சஹஸ்ரதாரைத் தட்டாக இருக்கலாம். அபிஷேகத்தின்போது சுவாமியின் திருமேனிக்கு மேல் பிடித்து நீரையோ பாலையோ ஊற்றினால், மழைபோல் பல தாரைகளாக இறங்கும். மாவு சலித்த சல்லடையில் வலை இருக்கும். இதில் கனத்த தகட்டில் துளைகள் ஒழுங்கான வட்டங்களாக இடப்பட்டிருக்கும்.

இன்னொன்று, தூண்டாமணி விளக்கு. சங்கிலியில் தொங்கும் இவ்விளக்கில் பறவை வடிவமோ குண்டு வடிவமோ கொண்ட ஓர் உறுப்பு இருக்கும். அதுவே எண்ணெய்க் கலம். அகலில் எண்ணெய் மட்டம் தாழும்போது துளையின் வழியே காற்று உள்ளே சென்று, அந்த அளவுக்கு எண்ணெய் கீழே இறங்கும். மட்டம் உயர்ந்து துளை மூடியதும் நின்றுவிடும். இரவெல்லாம் யாரும் எண்ணெய் வார்க்காமல் விளக்கு எரியும். இதில் பறவை மட்டும் தனியே கழன்று கிடைத்தால், குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மை என்றே பலரும் கருதுவார்கள்.

சரி, முன்பின் அறியாத ஒரு பொருளை எவ்வாறு இனம் காண்பது? வங்கியில் நகைக்கடன் பிரிவில் பணியாற்றிய ஆண்டுகளில் மதிப்பீட்டாளர்கள் வேலை செய்யும் முறையை அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். தேர்ந்த மதிப்பீட்டாளர் நகையைக் கையில் வாங்கியதும் தராசில் வைத்துவிடமாட்டார். முதலில் அதைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பார். கொக்கி, பற்றுவைத்த இடம், தேய்மானம், முத்திரை ஆகியவற்றைப் பார்த்த பிறகே உரைகல்லை எடுப்பார். அதன் பின்னரே எடை. பழம்பொருள்களுக்கும் இந்த வரிசையே பொருந்தும்.

முதலில், எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கை பிடித்த இடம் வழவழப்பாகும். தரையில் உராய்ந்த இடம் தட்டையாகும். நெருப்பைக் கண்ட இடம் கறுக்கும். அடுத்து, வளையம், கொக்கி, துளை, மூக்கு இவற்றைப் பாருங்கள். பொருள் தொங்கியதா, நின்றதா, மிதந்ததா, ஊற்றியதா என்பதை அவை சொல்லிவிடும். ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை சிறு கத்தியாகவும் மடங்கும் இரும்புக் கருவி கிடைத்தால், அது பேனாக்கத்தி அன்று; மடக்கெழுத்தாணி. ஓலையை நறுக்கிச் சீர்செய்யக் கத்தி, எழுதக் கூர்முனை. உங்கள் குடும்பத்தில் ஒருவர் ஏடு எழுதியிருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சியாகலாம்.

மூன்றாவதாக, எழுத்துகளையும் முத்திரைகளையும் தேடுங்கள். உருளை வடிவப் பித்தளைப் பாத்திரத்தின் மேல் முத்திரை குத்தப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் முகத்தல் அளவை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். 1956-இல் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் வந்தபின் இவை படிப்படியாகக் கடைவீதியை விட்டு விலகின. இன்று உழக்கு மேசைமேல் பேனா தாங்கியாக நிற்கிறது. ஆயினும் திருமணத்தில் நிறைநாழி வைக்கும்போது படியைத் தேடி அலைகிறோம்.

எழுத்தும் முத்திரையும் தேடும் முன் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்க வேண்டாம். பல தலைமுறை தேய்த்ததிலேயே எழுத்துகள் பாதி மறைந்திருக்கும். எஞ்சியதையும் அழித்துவிடக் கூடாது. நான்காவதாக, எல்லாவற்றினும் முதன்மையாக, வீட்டிலும் ஊரிலும் உள்ள மூத்தவர்களிடம் காட்டுங்கள். “இது என்ன?” என்று கேட்பதைவிட, அதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. பெயரை மறந்தவருடைய கைகூட, அதைப் பிடிக்கும் விதத்தை மறப்பதில்லை.

இனி இரண்டாவது ஆபத்துக்கு வருவோம். பழைய செம்புக் கலசம் அரிசியை ஈர்க்கிறது, அதில் இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டார் கோடிகள் தருவார்கள் என்று கூறி ஏமாற்றும் கூட்டங்கள் பல ஆண்டுகளாக உலவுகின்றன. சோதனைச் செலவு, சான்றிதழ்ச் செலவு, முன்பணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஓய்வுக்காலப் பணத்தை இழந்தவர்களும் உண்டு. இந்தப் பொய்யை நம்பிக் கோபுரக் கலசங்களையே திருடியவர்களும் உண்டு. இரிடியம் என்பது அரிய உலோகம், மெய்தான். ஆனால் அது அரிசியை ஈர்ப்பதில்லை. கோபுரக் கலசத்தில் நம் முன்னோர் வைத்தது வரகு முதலான தானியம். மர்ம உலோகம் அன்று. இது தாராபாத்திரம், இது நாழிகை வட்டில் என்று பெயர் சொல்லத் தெரிந்த வீட்டில் இத்தகையோர் வாசலைத் தாண்ட இயலாது.

சட்டத்தையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள கலைப்பொருள்களை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருள்களாகக் கருதுகிறது. அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். கடைக்கால் தோண்டும்போதோ உழும்போதோ மண்ணுக்கடியில் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மனச்சாட்சியைச் சார்ந்த செய்தி ஒன்றும் உண்டு. பரணில் கிடைத்த பாத்திரத்தில் ஒரு திருக்கோயிலின் பெயரும் ‘உபயம்’ என்ற சொல்லும் வெட்டப்பட்டிருந்தால் என்ன செய்வது? திருவிழாவுக்கு இரவல் வந்து திரும்பாமல் போனதாக இருக்கலாம். கோயில் பொறுப்பில் இருந்த முன்னோர் பாதுகாப்புக்காக வைத்ததாகவும் இருக்கலாம். எவ்வாறு வந்ததாயினும் அது சுவாமியின் உடைமை. அதைத் திருக்கோயில் அலுவலகத்தில் எழுத்துமூலம் ஒப்படைத்து, ஒப்புகை பெற்றுக்கொள்வதே முறை. கோயிலின் நகைகளும் பாத்திரங்களும் எடையோடு பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் சொல்கிறது.

இந்தப் பதிவு வழக்கம் நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த பொன், வெள்ளிக் கலங்களும் அணிகலன்களும் எடையோடு கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பொன்னை எடையிட்ட கல்லுக்கும், நெல்லை அளந்த மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்று இறைவன் திருப்பெயரையே சூட்டியிருந்தனர். அளக்கும் கருவிக்கு ஆண்டவன் பெயர் இருந்தால், அளப்பவன் கை நடுங்குமல்லவா?

பேரரசன் கல்லில் செய்ததை நாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் செய்யலாம். இந்தப் போகிக்கு எதையும் எடைக்குப் போடும் முன், ஒவ்வொரு பழம்பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், உயரம், எடை, எதற்குப் பயன்பட்டது, யார் பயன்படுத்தினார்கள், யார் சொல்லி அறிந்தோம் என்று எழுதி, ஒரு புகைப்படமும் ஒட்டுங்கள். வீட்டில் உள்ள பாட்டியோ தாத்தாவோ சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதட்டும். வீட்டில் வைக்க இடமில்லாதவற்றை அருங்காட்சியகத்துக்கு அளிக்க முன்வரலாம். அங்கும் இந்தக் குறிப்பு உடன் சென்றால்தான் பொருளுக்கு மதிப்பு.

செம்பை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். அதன் பெயரையும் பயனையும் சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம்.