வானம் நமக்கும் உரியதே!



குருபோங் வட்டாரப் பிள்ளைகளுக்கு வானூர்தி புதிதன்று. அருகிலுள்ள பத்து பெரண்டாமில் மலேசியன் ஃபிளையிங் அகாடமி இயங்குகிறது. அங்கிருந்து எழும் சிறிய பயிற்சி வானூர்திகளை அவர்கள் அண்ணாந்து பார்த்தே வளர்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "நானும் ஓட்ட முடியுமா ஐயா?" என்று கேட்டான். "முதலில் பாடத்தைப் படி" என்றேன். அதன்பின் அவன் கேட்கவே இல்லை. அந்த விடை இன்றும் என்னை உறுத்துகிறது.

பறத்தல் இயந்திரத்தோடு தொடங்கவில்லை. ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால் 1891 முதல் இயந்திரமில்லாக் கிளைடரில் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்களும் 1902-இல் கிளைடரில் பழகிய பின்னரே 1903-இல் இயந்திரத்தைப் பொருத்தினர். இன்று கிளைடர் பறத்தல் ஒரு விளையாட்டு. கயிற்றாலோ வேறு வானூர்தியாலோ மேலே இழுத்து விடப்படும் கிளைடர், செம்பனைத் தோட்டத்தின் மேல் சிறகசைக்காமல் வட்டமிடும் பருந்தைப் போல, மேலெழும் வெப்பக் காற்றில் உயர்கிறது.

இவ்விளையாட்டிற்குப் புதியவர்கள் எவ்வாறு வருகின்றனர்? ஜெர்மனியில் 14 வயதிலேயே, பயிற்றுநரின் மேற்பார்வையில், தனியே பறக்கலாம். அங்குள்ள மன்றங்களில் இளையோர் இறக்கை நுனியைத் தாங்குகின்றனர். தரையிறங்கிய கிளைடரைத் தள்ளி வருகின்றனர். உறுப்பினர்களே வேலைகளைப் பகிர்ந்துகொள்வதால் செலவும் குறைகிறது. கைக்கு வேலை கிடைத்தால் ஆர்வம் தானே வளரும்.

இப்பயிற்சி வீண்போகாது. 1983-இல் ஏர் கனடா வானூர்தி ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. கிலோகிராமுக்குப் பதில் பவுண்டு எடையில் கணக்கிட்டதே காரணம்! வானோடி பாப் பியர்சன் கிளைடர் பறத்தலில் தேர்ந்தவர். அவர் கிம்லி என்னும் ஊரில் வானூர்தியைத் தரையிறக்கி, அதிலிருந்த 69 பேரையும் காப்பாற்றினார். அளவைப் பாடத்திற்கு இதைவிடச் சிறந்த கதை உண்டோ?

நம் பிள்ளைகள் நாளையே கிளைடரில் ஏறப்போவதில்லை. ஆயினும், புறப்பாட நடவடிக்கையில் அட்டையாலும் மென்மரத்தாலும் சிறு கிளைடர் செய்யலாமே! மூக்கில் சிறிது களிமண் ஒட்டினால் எவ்வளவு தூரம் பறக்கிறது, எடுத்துவிட்டால் என்னவாகிறது என அளந்து எழுதட்டும். அறிவியலும் கணிதமும் திடலிலேயே விளங்கும். ஆண், பெண் இருபாலரும் செய்யட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பொருள்களுக்குக் கைகொடுக்கலாம்.

பெற்றோர்களே, "அதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். செலவைப் பின்னர் எண்ணிப் பார்க்கலாம். கேட்கும் வாயை மட்டும் நாம் அடைக்க வேண்டா.

சிந்திப்போம், செயல்படுவோம்!