மூட்டை மாற்றுமுன்

முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்திருந்த மூதாட்டி ஒருவரை அண்மையில் காணச் சென்றிருந்தோம். கிருமித்தொற்றைப் பற்றி மருத்துவர் எச்சரித்திருந்தாராம். "இரும்பிலே எப்படிச் சாமி சீழ் பிடிக்கும்?" என்று அவர் நம்மை வினவினார்.

நியாயமான வினாவே. உலோகத்துக்குள் இரத்தம் ஓடுவதில்லை. அதன்மீது கிருமிகள் ஒட்டிக்கொண்டால், பிசின் போன்ற படலத்தைச் சுரந்து அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. பின்னர் மருந்தாலும் அவற்றை எளிதில் வெல்ல இயலாது. பல வேளைகளில், பொருத்திய மூட்டையே கழற்றி எடுத்து, மீண்டும் அறுவை செய்ய நேரிடுகிறது. 1987இல் அமெரிக்க மருத்துவர் ஆண்டனி கிரிஸ்டினா இதனை ஓட்டப்பந்தயத்துக்கு ஒப்பிட்டார். உலோகத்தின் மேற்பரப்பை உடலின் உயிரணுக்கள் முந்திப் பற்றினால் நலம். கிருமிகள் முந்தினால் கேடு.

இப்பந்தயத்தில் நமக்குத் துணைநிற்பவையே கிருமிகொல்லிப் பூச்சுகள். மூட்டை எலும்போடு பிணைக்கும் சிமெண்டில் ஜென்டமைசின் மருந்தைக் கலக்கும் முறையை, ஜெர்மானிய மருத்துவர் புக்ஹோல்ஸ் 1970இல் வெளியிட்டார். பின்னர், புற்றுநோயால் எலும்பை இழந்தோருக்கு வைக்கும் உலோக எலும்புகளுக்கு வெள்ளி முலாம் பூசினர். ஜப்பானிய மருத்துவர்கள் டைட்டானியத்தின்மீது அயோடினை ஏற்றினர். இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவிகளை மருந்து பூசிய வலையுறையில் இட்டுப் பொருத்தும் முறையும் வந்தது. ஏறத்தாழ 7,000 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், உறை இல்லாதோரிடையே 1.2 விழுக்காடாக இருந்த கடுந்தொற்று, உறை இட்டோரிடையே 0.7 விழுக்காடாகவே இருந்தது.

எனினும் பூச்சு ஒன்றே போதுமான காவல் என்று எண்ணிவிடலாகாது. 1962இல் இங்கிலாந்தில் நவீன இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு வழிவகுத்த ஜான் சார்ன்லி, பூச்சு ஏதுமின்றியே, அறுவை அறையின் காற்றையும் மருத்துவரின் உடையையும் தூய்மையாக்கித் தொற்றை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறக்கினார்.

நோயாளிக்கும் வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டும். புகைப்பதை விட வேண்டும். உடலில் புண்ணோ சொத்தைப் பல்லோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்கலாகாது.

இதனை நாம் கூறியதும் அம்மூதாட்டி தயங்கித் தயங்கித் தம் பாதத்தைக் காட்டினார். விரலிடுக்கில் ஆறாத புண்! சொன்னால் நாள் தள்ளிப்போகுமே என்று அஞ்சி மறைத்திருந்தாராம். மறுநாளே மகன் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அறுவை தள்ளிவைக்கப்பட்டது, புண் ஆறி வருகிறது.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் எவரேனும் இத்தகைய அறுவைக்குக் காத்திருப்பின், இன்றே அவர்தம் பாதங்களைப் பாருங்கள்.