கூத்து கட்டாத இரண்டு சித்திரைகள்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலைக்கு மறுபுறம், அந்தப் பாதையின் ஓரத்திலேயே இருக்கிறது அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலும் மாணிக்கவாசகர் சன்னதியும் உள்ள ஊர். பௌர்ணமி இரவுகளில் இந்த ஊர் தூங்குவதில்லை. விடிய விடிய ஜனம் நடந்துகொண்டே இருக்கும்.

2020 மார்ச்சில் அது நின்றது. மே 7ஆம் தேதி வந்த சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலம் கிடையாது. அந்த வருஷக் கார்த்திகை தீபம் நவம்பர் 29 அன்று மலை உச்சியில் ஏறியது. பார்க்க வெளியூர்க் கூட்டம் இல்லை. பௌர்ணமிக் கிரிவலம் பழையபடி திரும்ப 2022 பங்குனி வரை ஆயிற்று.

பாதை வெறிச்சோடிக் கிடந்த படங்களை எல்லோரும் கைபேசியில் பார்த்தோம். ஆனால் அதே மாவட்டத்தில், அதே மாதங்களில் இன்னொன்றும் நின்றுபோனது. அதைப் படம் எடுத்தவர்கள் குறைவு. அதுதான் தெருக்கூத்து.

காலம் பார்த்து வந்த அடி

திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஊர் மாற்றி ஊர் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசுக்குப் பனைமரம் நட்டு, நடிகர் அதன் உச்சிக்கு ஏறுவார். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருக்க, படுகளம் நடக்கும். மாலையில் தீமிதி.

கூத்துக் கலைஞரின் வருஷ வருமானத்தில் பெரும்பங்கு இந்த நான்கைந்து மாதங்களில்தான். தேசிய ஊரடங்கு 2020 மார்ச் 25 அன்று தொடங்கியது. தமிழ்க் கணக்கில் அது பங்குனி 12. அடுத்த வருஷம், திருவிழாக்களுக்கான தடை ஏப்ரல் 10 அன்று வந்தது. மே 10 முதல் முழு ஊரடங்கு. இரண்டு வருஷமும் அடி விழுந்தது கூத்துக் காலத்தின் மேல்தான். விவசாயிக்குச் சொல்வதானால், இரண்டு வருஷமும் அறுவடை நேரத்தில் மழை.

ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுத்துக் கூத்து பேசுவார்கள். நடிகர்களோ, ஒரு வருஷம் அந்தக் குழுவிலேயே இருப்பதற்காக வாத்தியாரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். ஆடி ஆடித்தான் அது கழியும். ஆட்டமே இல்லையென்றால் முன்பணம் கடனாக நிற்கும். வாத்தியாருக்கும் கடன், நடிகருக்கும் கடன். கூத்து இல்லாத மாதங்களில் கைகொடுக்கும் கூலி வேலையும் அப்போது முடங்கிப்போனது. நல வாரியத்தில் பெயர் பதிந்திருந்தவர்களுக்கு அரசு உதவித்தொகையாவது உண்டு. 

கூடம் இருந்தும்

கூத்துக்குக் கூடம் கட்டி வளர்த்தவர்களும் இங்கே உண்டு. இதே மாவட்டத்துப் புரிசை, தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடும் ஊர். கண்ணப்பத் தம்பிரானின் வழி வந்தவர்கள் நடத்தும் மன்றத்தின் பெயர் கடல் கடந்தும் தெரியும். பாரிஸின் தியேத்தர் து சொலேய் நாடகக் குழு 2016இல் மேடையேற்றிய நாடகத்துக்காக, பிரெஞ்சு நடிகர்கள் கூத்தின் அடவு பழகினார்கள்.

பெருங்கட்டூர் பொ. ராஜகோபாலும் இந்த மாவட்டத்துக்காரர்தான். சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டுத் தந்தையின் குழுவில் ஆட வந்தவர். 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானபோது அதில் முன்நின்றார். நடிகர்கள் அணியும் கிரீடம், புஜம், மார்புப் பதக்கம் எல்லாம் மரக்கட்டையில் செய்தவை. 'கட்டைக்கூத்து' என்ற பெயர் அதனால்தான். 2002இல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் தொடங்கியது. தான் விட்ட பள்ளிப் படிப்பைப் பிள்ளைகள் விடக் கூடாது என்பது போல, அங்கே பாடமும் உண்டு, கூத்தும் உண்டு. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். 18 வருஷம் நடந்த அந்தக் குருகுலம், பெருந்தொற்று வந்த அதே 2020இல் முடிவுக்கு வந்தது.

கைபேசியில் கூத்து

ஊரடங்கில் பழைய கூத்துப் பதிவுகளை யூடியூபில் பார்த்துப் பொழுதைக் கழித்த குடும்பங்கள் பல. பதிவு நல்லதுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஊர் ஞாபகத்தைத் தரும். ஆனால் திரையில் துகிலுரிதல் பார்ப்பவருக்குப் பிடிக்கவில்லை என்றால் விரலால் தள்ளிவிடலாம். தெருவில் அப்படி முடியாது. பாஞ்சாலி கதறும்போது எதிரே ஊரே உட்கார்ந்திருக்கிறது. கட்டியங்காரன் முன்வரிசைக்காரரின் பெயரைச் சொல்லிக் கேலி செய்வார். சின்னப் பையன்கள் மத்தளக்காரர் அருகிலேயே தூங்கி, தாளம் மாறும்போது விழிப்பார்கள். அந்தப் பையன்களில் ஒருவன்தான் பத்து வருஷம் கழித்து முகவீணை எடுப்பவன். இரண்டு வருஷம் கூத்து இல்லை என்றால், அப்படி விழித்துக்கொள்ள வேண்டிய இரண்டு வருஷத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே தூங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஜெர்மனியில் ஓபராமெர்காவ் என்றொரு ஊர். 1633இல் கொள்ளைநோய் வந்தபோது, பிழைத்தால் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடிப்போம் என்று வேண்டிக்கொண்டது. பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஊரே சேர்ந்து நடிக்கிறது. 2020இல் நடக்க வேண்டிய நாடகம் 2022க்குத் தள்ளிப்போய் நடந்தது. அங்கே நடிப்பவர்களுக்கு வேறு தொழில் இருக்கிறது, காத்திருக்க முடிந்தது. நம் கூத்துக்காரருக்குக் கூத்தே சோறு.

இப்போது விழாக்கள் திரும்பிவிட்டன. ஆனால் விட்டுப்போன பழக்கம் தானாகத் திரும்பாது. 'பத்து ராத்திரி எதற்கு, மூன்று போதும்; மிச்சப் பணத்துக்குப் பாட்டுக் கச்சேரி வைக்கலாம்' என்று விழாக் குழுவில் ஒருவர் சொன்னால் போதும், ஏழு ராத்திரிச் சம்பளம் போகும்.

அதனால் உங்கள் ஊரில் விழாக் கணக்குப் பேசும்போது கூத்து ராத்திரிகளைக் குறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்த கலைஞர் யாராவது நல வாரியத்தில் பதியாமல் இருந்தால், விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு மத்தளச் சத்தம் கேட்டால், பிள்ளைகளையும் ஒரு பாயையும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். அவர்கள் தூங்கினால் தூங்கட்டும், தாளம் எழுப்பிவிடும்.