வெற்றிடத்துக்கு யார் மதிப்பெண் போடுவது?

பிளஸ் டூ கணினி அறிவியலுக்கும் பொறியியல் முதலாண்டுக்கும் வினாத்தாள் அமைப்பவர்களுக்கு,

பெரம்பலூரில் புரோகிராமிங் டியூஷன் எடுக்கிறேன். குன்னம், வேப்பந்தட்டையிலிருந்தும், அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பக்கமிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். பலர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பைத்தானைப் பேனா பிடித்துத்தான் படிக்கிறார்கள். என் மனக்குறையே அதில்தான்.

சி, சி++ பழகிய புரோகிராமர்கள் பலருக்குப் பைத்தான் என்றாலே ஆகாது. வேகம் போதாது என்பார்கள். அது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயமில்லை. மதிப்பைப் போட்டு வைக்கும்போது பெயரில் ஓர் எழுத்து பிசகினால், அதைப் புது வேரியபிளாக எடுத்துக்கொண்டு பைத்தான் பேசாமல் ஓடிவிடும் என்பார்கள். சி++ கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். இது நியாயமான குறை. ஆனால் தீராத சண்டை இண்டென்டேஷன் பற்றியது. எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை சி++-ல் நெளிவு அடைப்புக்குறி காட்டும். பைத்தானில் வரிக்கு முன்னால் விடும் வெற்றிடம்தான் காட்ட வேண்டும்.

திரையில் அது சிரமமில்லை. எடிட்டரே நான்கு இடம் தள்ளிக் கொடுத்துவிடும். 1991-ல் பைத்தானை வெளியிட்ட கைடோ வான் ராசம், வெற்றிடத்தால் காட்டும் வழக்கத்தை, புரோகிராமிங் கற்பிப்பதற்கென்றே உருவான ஏபிசி மொழியிலிருந்து எடுத்தார். நிரல் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் என்ற வாதத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடைத்தாளில் எடிட்டர் ஏது?

60, 70, 80 என்ற மூன்று மதிப்பெண்களைக் கூட்டித் தரும் ஃபங்ஷனை ஒரு மாணவி எழுதுகிறாள் என்று வையுங்கள். கடைசி வரியான 'ரிட்டர்ன்', 'ஃபார்' என்ற சொல்லுக்கு நேர்கீழே நின்றால் விடை 210. அதே வரி இன்னும் ஒரு படி உள்ளே தள்ளிப்போனால் லூப் முதல் சுற்றிலேயே முடிந்து விடை 60 ஆகிவிடும். கம்ப்யூட்டரும் எரர் காட்டாது. அவள் 'ஃபார்' வரியைப் பக்கத்தின் அடியில் எழுதி, மீதியை அடுத்த பக்கத்தில் தொடர்ந்திருந்தால், எந்த வரி எதற்கு நேராக நிற்கிறது என்று திருத்துபவர் எதை வைத்துச் சொல்வார்? கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு, நோட்டிலிருந்து ஜெராக்ஸுக்கு என்று போகும்போதே அரை விரல்கடை நகர்ந்துவிடுகிறது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்த பிறகும், அடைப்புக்குறி இல்லாத 'பிரின்ட்' வரிகளோடு பழைய நோட்ஸ் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

2019-லிருந்து மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னுக்கு சி++, பிளஸ் டூவுக்கு பைத்தான். அடைப்புக்குறி ஒரு வருடம் முழுக்கக் கையில் படிந்த பிள்ளை, அடுத்த வருடம் அதை மறந்துவிட்டு வெற்றிடத்தை எண்ண வேண்டும். போதாததற்கு, சி++ நிரலைப் பைத்தானுக்குள் வைத்து ஓட்டுவதற்கென்றே பிளஸ் டூ புத்தகத்தில் ஒரு பாடம். கம்பைலரைக் கையால் தொடாத பிள்ளைக்கு அது மனப்பாடம்தான். கல்லூரிக்குப் போனாலும் விடுவதில்லை: அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 ஒழுங்குமுறைகளில் முதல் பருவத்திலேயே பைத்தான், அங்கும் எழுத்துத் தேர்வுதான்.

பைத்தானை எடுத்துவிடச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அது தேவை. எழுத்துத் தேர்வில் நிரலை அச்சிட்டுக் கொடுத்து, என்ன விடை வரும், எங்கே தவறு என்று கேளுங்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை ஓரத்தில் செங்குத்துக் கோடு போட்டுக் காட்டலாம் என்று வினாத்தாளிலேயே அச்சிடுங்கள். திருத்துபவர்களுக்கான விடைக்குறிப்பிலும் அதைச் சேருங்கள். பிளஸ் டூவில் செய்முறைக்கு இப்போது இருப்பது 20 மதிப்பெண். அதைக் கூட்டி, பிள்ளையைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, நிரலை ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடுங்கள்.