மண்ணுக்குப் பதில் பெர்லைட், வெர்மிகுலைட்... மாடித்தோட்டத்துக்குத் தண்ணி நிஜமாவே மிச்சமாகுமா?

2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு ரயில். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் வறண்டு கிடந்த கோடை அது. குடிக்கிற தண்ணிக்கே குடத்தோட லாரி பின்னாடி ஓடும்போது, மொட்டை மாடியில இருக்கற தக்காளிச் செடியை யார் நினைப்பாங்க?

அதுக்கப்புறம் நல்ல மழை பெய்த வருஷங்களும் வந்துச்சு. ஆனா ஏப்ரல், மே வந்தாலே அதே பயம்தான். இந்தப் பயத்துக்கு ரீல்ஸ்ல இப்போ ஒரு பதில் ஓடுது: 'மண்ணை விடுங்க, மினரல் மீடியாவுக்கு மாறுங்க, பாதித் தண்ணி போதும்!' நம்பலாமா? கொஞ்சம் அலசிப் பார்ப்போம்.

அப்படி என்ன சரக்கு இது?

பெர்லைட் ஓர் எரிமலைக் கண்ணாடிக் கல். சுமார் 900 டிகிரி செல்சியஸ்ல சுட்டா, உள்ளே இருக்கற ஈரம் ஆவியாகி, சோளப்பொரி மாதிரி வெள்ளையா பொரிஞ்சு வரும். எடை ரொம்பக் கம்மி.

வெர்மிகுலைட் அபிரகம் மாதிரி அடுக்கடுக்கான கனிமம். சூடாக்கினா புழு நெளியற மாதிரி விரியும். பேரே அப்படி வந்ததுதான். மண்புழு உரமான வெர்மிகம்போஸ்ட்டோட குழப்பிக்காதீங்க. திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூர்ல தமிழக அரசின் டாமின் நிறுவனத்துக்கு வெர்மிகுலைட் சுரங்கமே இருக்கு. அன்னிக்குத் தண்ணி அனுப்பின ஜோலார்பேட்டையும் இப்போ அதே திருப்பத்தூர் மாவட்டத்துலதான் வருது!

மூணாவது, லெக்கானு சொல்ற சுட்ட களிமண் உருண்டை. இன்டோர் செடிப் பிரியர்களோட ஃபேவரைட்.

தண்ணிக் கணக்கு

முதல்ல ஒரு உண்மை. செடி குடிக்கற தண்ணியில பெரும்பகுதி இலை வழியா ஆவியாகிப் போயிடும். நீங்க எந்த மீடியா போட்டாலும் அந்தக் கணக்கு பெருசா மாறாது. நாம மிச்சம் பிடிக்க முடிஞ்சது ரெண்டு இடத்துலதான்: பையோட அடி ஓட்டையில வழியற தண்ணி, மேல்பரப்புல காயற தண்ணி.

இங்கதான் ரீல்ஸ் சறுக்குது. வெர்மிகுலைட் தன் எடையைப் போல சில மடங்கு தண்ணியைப் பிடிச்சு வெச்சு, மெதுவா வேருக்குக் கொடுக்கும். பெர்லைட்டோட முக்கிய வேலையே தண்ணியை வடிய விட்டு, வேருக்குக் காத்து கொடுக்கறது. தண்ணி மிச்சமாகும்னு நம்பி பையில வெறும் பெர்லைட்டை நிரப்பினா, மே மாச வெயில்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஊத்த வேண்டியிருக்கும்.

இன்னொண்ணு, இதுங்கள்ல செடிக்கான சாப்பாடு கிட்டத்தட்ட கிடையாது. உரம் கண்டிப்பா வேணும்.

அப்போ என்னதான் செய்யலாம்?

மட்கிய உரம், கழுவின கோகோபீட், வெர்மிகுலைட் மூணையும் சம பங்கு கலந்துக்கோங்க. கோகோபீட்டைக் கழுவாம போட்டா அதுல இருக்கற உப்பு செடியைப் பதம் பார்க்கும். ஏற்கெனவே உப்புத் தண்ணி போர்வெல் வீடுன்னா இது இன்னும் முக்கியம்.

பைக்கு அடியில மூடி போட்ட ஒரு டப்பா, அதுல தண்ணி, அங்கிருந்து மண்கலவைக்குள்ள ஒரு திரி. செடி தனக்கு வேணுங்கறதை மட்டும் இழுத்துக்கும், வழியற கதையே இல்ல. டப்பாவை மூடலைன்னா கொசு குடும்பம் நடத்தும், ஜாக்கிரதை! மேலாக ரெண்டு அங்குலம் காய்ஞ்ச இலைச் சருகு பரப்பினா, மேல்பரப்பு ஈரமும் தங்கும். இது ஓசியிலயே கிடைக்கும்.

இன்னொரு லாபம் எடை. 15 லிட்டர் பையில ஈர மண் சுமார் 25 கிலோ. இருபது பை வெச்சா அரை டன்! இந்தக் கலவையில அது ஏறக்குறைய பாதியாகும். ஹவுஸ் ஓனர் கூரையைப் பார்த்துப் பதறாம இருப்பார்.

எச்சரிக்கையும் உண்டு

ரெண்டு பொருளும் தூசி பறக்கும். தண்ணி தெளிச்சு, மாஸ்க் போட்டுட்டுக் கலக்குங்க. அமெரிக்காவில் மான்டானா மாநிலத்தின் லிபி ஊர்ச் சுரங்கத்துல வெட்டின வெர்மிகுலைட்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்து, பல பேர் உயிரே போச்சு. அந்தச் சுரங்கம் 1990-ல மூடப்பட்டது. எல்லா வெர்மிகுலைட்டும் அப்படி இல்லை. ஆனா எங்கிருந்து வந்ததுன்னு சொல்லாத மூட்டையை வாங்காதீங்க.

சுரங்கம் வெட்டி, உலையில சுட்டு, லாரியில ஏத்தி வர்ற பொருள் இது. அதனால மொத்த மாடியையும் ஒரே நாள்ல மாத்த வேண்டாம். ரெண்டே பை எடுங்க. ஒண்ணுல பழைய மண், இன்னொண்ணுல புதுக் கலவை, ரெண்டுலயும் ஒரே வயசு கத்திரி நாத்து. ஒரு மாசம் எத்தனை மக் தண்ணி ஊத்தினீங்கன்னு போன்ல குறிச்சு வைங்க. உங்க வெயிலுக்கும் உங்க தண்ணிக்கும் எது சரிப்படும்னு ரீல்ஸைவிட அந்தக் குறிப்பு தெளிவா சொல்லிடும்.