படிக்கிற பிள்ளைகளின் பனிக்களம்



இந்த மாதம் உங்களோடு மட்டுமல்ல, உங்கள் அப்பா அம்மாவோடும் பேச வேண்டியிருக்கிறது. படித்து முடித்ததும் இதழைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிடுங்கள்.

உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள் என்றதும் ஜெர்மனியில் இருக்கிற நமக்கு 2025 ஜூலையில் ரைன்-ரூர் பகுதியில் நடந்த கோடைப் போட்டிகள்தான் ஞாபகம் வரும். அதே ஆண்டு ஜனவரி 13 முதல் 23 வரை இத்தாலியின் டுரின் நகரிலும் அதைச் சுற்றிய மலைகளிலும் குளிர்காலப் போட்டிகள் நடந்து முடிந்திருந்தன. நம் வீடுகளில் அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. கோடைப் போட்டி 1959-இல் அதே டுரினில் தொடங்கியது. மறு ஆண்டே பிரான்சின் ஷமோனியில் குளிர்காலப் போட்டியும் தொடங்கிவிட்டது. ஆக, அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம்.

இதில் கலந்துகொள்ள வேகமாகச் சறுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. மருத்துவமோ, இசையோ, நர்சிங்கோ, ஏதாவது ஒரு பாடத்தில் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த மாணவராக இருக்க வேண்டும், அல்லது முந்தின ஆண்டு பட்டம் முடித்தவராக இருக்க வேண்டும். பொதுவாக வயது 25-ஐத் தாண்டக் கூடாது. வெற்றி மேடையில் நாட்டின் தேசிய கீதத்துக்குப் பதிலாக 'கவுதியாமுஸ்' என்ற பழைய லத்தீன் மாணவர் பாட்டை ஒலிக்கச் செய்வது இந்தப் போட்டிகளின் வழக்கம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. தங்கம் வாங்கியவரும் அடுத்த வாரம் பரீட்சை எழுதப் போகிறவர்தானே.

டுரினில் 11 விளையாட்டுகள். எல்லாவற்றையும் விவரிக்க இடமில்லை. ஆல்பைன் ஸ்கீ, ஸ்னோபோர்டு, ஐஸ் ஹாக்கி, ஃபிகர் ஸ்கேட்டிங் எல்லாம் நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்தவைதான். எனக்குப் பிடித்த இரண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலாவது பயத்லான். முதுகில் துப்பாக்கியோடு பனியில் கிலோமீட்டர் கணக்கில் ஸ்கீயில் ஓடி வந்து, நின்று, 50 மீட்டர் தூரத்தில் இருக்கிற ஐந்து குறிகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது குறியின் அகலம் 45 மில்லிமீட்டர், ஓர் எலுமிச்சம்பழம் அளவு. நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர், கொஞ்சம் பெரிய இட்லி. ஒன்று தவறினால் ஸ்பிரிண்ட் போட்டியில் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஓட வேண்டும். நர்ஸ் கண்ணோடு பார்த்தால் இதில் நடப்பது ஆச்சரியமானது. ஓடி வரும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 170, 180 என்று இருக்கும். மூச்சு இரைக்கும், கை நடுங்கும். அந்த நிலையில் மூச்சைப் பாதி விட்டு, ஒரு கணம் உடம்பை அடக்கி, விசையை இழுக்க வேண்டும். வார்டில் அவசர அழைப்பு மணி அடித்து, இரண்டு மாடி படியேறி ஓடிப்போய், அதே மூச்சோடு நோயாளியின் மெல்லிய நரம்பில் ஊசி ஏற்றிய எந்த நர்ஸுக்கும் இது புரியும். வேகமாக ஓடத் தெரிந்தவர் நிறைய பேர். ஓடி வந்து நிதானிக்கத் தெரிந்தவர் கொஞ்சம் பேர்தான்.

இரண்டாவது கர்லிங். நம்மவர்கள் பார்த்துச் சிரிக்கிற விளையாட்டு: "என்ன சிஸ்டர், ஐஸைப் பெருக்குறாங்க?" சுமார் 20 கிலோ எடையுள்ள கிரானைட் கல்லை ஐஸ் மேல் தள்ளிவிட்டு, அதன் முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்க்கிற சூட்டில் ஐஸின் மேற்பரப்பு லேசாக மாறி, கல் இன்னும் தூரம் போகும், வளைவும் குறையும். இந்தக் கற்களுக்குப் பேர்போன இடம் ஸ்காட்லாந்துக் கடலில் இருக்கிற ஐல்சா கிரெய்க் என்ற குட்டித் தீவு. ஓடுகிறபோது துடைப்பம் கல்லில் பட்டுவிட்டால், நடுவர் சொல்வதற்கு முன் பட்டவரே ஒத்துக்கொள்வது இந்த விளையாட்டின் மரியாதை. நம் வாலிபர் கூடுகையில் கேரம் ஆடுகிறவர்கள் கவனிக்க.

ஒரு சின்ன விலகல். டுரின் போட்டிகளில் ஸ்கீ ஓட்டங்கள் நடந்த இடம் பிரஜெலாட்டோ. ஐஸ் ஹாக்கி ஆட்டங்கள் நடந்த இடங்களில் ஒன்று தோரே பெலிச்சே. தோரே பெலிச்சே, இத்தாலியின் வால்டென்சிய சபையின் மையம். லூத்தருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கி, மலைகளில் ஒளிந்து விசுவாசத்தைக் காத்தவர்கள் அவர்கள். பிரஜெலாட்டோ பள்ளத்தாக்கிலிருந்து துரத்தப்பட்ட வால்டென்சியக் குடும்பங்கள் 1699-இல் வந்து குடியேறி உண்டாக்கிய ஊர்தான் நம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வால்டோர்ஃப். நம்மில் சிலர் அங்கே வாடகைக்கு இருக்கிறோம். அகதியாக வந்தவர்கள் உண்டாக்கிய ஊர் அது என்பது தெரிந்தால், வீதியில் நடக்கும்போது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் சபையில் ஒரு தங்கை ஐஸ் ஸ்கேட்டிங் பயிற்சிக்குப் போகிறாள். பத்தாம் வகுப்பு முடிகிறது, அடுத்தது அபிட்டூர் வகுப்புகள். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது அவள் அப்பா என்னிடம் கேட்டார்: "நீங்களே சொல்லுங்க சிஸ்டர். இதுக்கு மேலயும் விளையாட்டா, இல்ல படிப்பா?"

அந்தக் கேள்வியில் ஒரு 'அல்லது' இருக்கிறது. அதை நாம் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்திருக்கிறோம். அங்கே அதற்குக் காரணம் இருந்தது. ஒரு மார்க் குறைந்தால் ஒரு சீட் போய்விடும் என்ற பயத்தில் வளர்ந்தவர்கள் நாம். நானும் அப்படித்தான் பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். ஆனால் மேலே சொன்ன போட்டிகள் அந்த 'அல்லது' இல்லாமல்தான் நடக்கின்றன. இங்கே இரண்டும் வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் உள்ளேயே விட மாட்டார்கள்.

இதற்கான ஏற்பாடுகள் நமக்கு எட்டாத தூரத்திலும் இல்லை. இந்தப் போட்டிகளுக்கு ஜெர்மன் மாணவர் அணியை அனுப்புகிற பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கத்தின் தலைமையகம் டீபுர்க்கில் இருக்கிறது, நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். உயர்மட்ட விளையாட்டு வீரர்களுக்குப் பரீட்சைத் தேதியை மாற்றித் தரவும் வருகைப் பதிவில் இளக்கம் காட்டவும் ஒப்புக்கொண்ட பல்கலைக்கழகங்களை அது 1999-இலிருந்து சேர்த்து வருகிறது. வீரர்களுக்கு உதவித்தொகை தருகிற 'டாய்ச்ச ஸ்போர்ட்ஹில்ஃப' அறக்கட்டளை 1967-இல் தொடங்கியது. அதன் அலுவலகம் பிராங்பேர்ட்டிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் பெரிய குளிர்கால வீரர்கள் பலர் ராணுவத்திலோ சுங்கத்துறையிலோ போலீஸிலோ வேலையில் இருந்தபடி பயிற்சி எடுக்கிறவர்கள் என்பதும் உண்மை. பல்கலைக்கழக வழி அதைவிட மெதுவானது, புகழும் குறைவு. டுரினில் ஓடியவர்களில் பெரும்பாலோர் ஒலிம்பிக் மேடை ஏற மாட்டார்கள். இஞ்சினியர்களாகவும் ஆசிரியர்களாகவும் வேலைக்குப் போவார்கள். அது தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

"நம்ம பிள்ளைகளுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்பவர்களுக்கு எரின் ஜாக்சனைக் காட்டுவேன். பனியே விழாத ஃபுளோரிடாவில் சக்கர ஸ்கேட்டில் வளர்ந்தவர். அங்கே பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் பொறியியலில் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகுதான் ஐஸுக்கு மாறினார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 500 மீட்டரில் தங்கம். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். சென்னைக்காரர் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த ஸ்பீட் ஸ்கேட்டிங் உலகப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வென்றதும் அதே சக்கர ஸ்கேட்டில்தான். சக்கரத்தில் சாய்ந்து திரும்பக் கற்ற கால்களுக்கு ஐஸ் முற்றிலும் அந்நியமல்ல.

இனி அம்மாக்களின் கேள்வி: அடிபட்டால்? நான் எலும்பு முறிவு வார்டில் வேலை செய்கிறவள். படாது என்று சொல்ல மாட்டேன். பிப்ரவரி, மார்ச்சில் ஆல்ப்ஸ் போய் வந்தவர்கள் எங்கள் கட்டில்களில் இருப்பார்கள். ஸ்கீயில் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார், ஸ்னோபோர்டில் மணிக்கட்டு. கம்பைப் பிடித்தபடி விழுந்தால் கட்டைவிரல் தசைநார். இவற்றில் நிறைய, மதியத்துக்கு மேல் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று ஏறியபோது நடந்தவை. கால் களைத்துவிட்டால் நிறுத்துங்கள், அவ்வளவுதான். ஹெல்மெட் கட்டாயம். வாடகைக் கடையில் உங்கள் எடையைக் கூச்சப்படாமல் உண்மையாகச் சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ காலைவிட்டுக் கழல வேண்டிய இறுக்கத்தை அதை வைத்துத்தான் அமைப்பார்கள். முன்னால் போகிறவருக்கே வழி உரிமை, பின்னால் வருகிறவர்தான் விலக வேண்டும். பள்ளிக்கூடம் கூட்டிப்போகிற ஸ்கீ பயணத்தில் மாணவர்களுக்குச் சட்டப்படியான விபத்துக் காப்பீடு உண்டு. குடும்பமாக ஆஸ்திரியா போனால் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்குகிற செலவை உங்கள் காப்பீடு ஏற்குமா என்று புறப்படுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். அந்த பில்லைப் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, எல்லோரும் மெதுவாகக் கேட்கிற கேள்வி: ஞாயிற்றுக்கிழமை. போட்டிகள் வார இறுதியில்தான் வருகின்றன. நான் மாதத்தில் இரண்டு ஞாயிறு டூட்டியில் இருக்கிறேன். சபையில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை, "பாவம், சிஸ்டருக்கு வேலை" என்று டப்பாவில் பிரியாணி எடுத்து வைப்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளை வருஷத்தில் ஆறு ஞாயிறு வரவில்லை என்றால் மட்டும் முகம் மாறுவது ஏன் என்று நான் அந்த அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, டீயை மட்டும் குடித்தார். ஆனால் போட்டி அட்டவணையை வாங்கி, எந்தெந்த ஞாயிறு என்று போதகர் ஐயாவிடம் முன்கூட்டியே காட்டுகிறேன் என்று மகள் சொன்னதற்குத் தலையாட்டினார். டூட்டி பட்டியல் வந்ததும் நான் செய்வதும் அதுவேதான்.

எங்கே தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு: போர்ன்ஹைமில் இருக்கிற ஐஸ்ஸ்போர்ட்ஹாலே. யு7 வண்டி அதன் வாசலிலேயே நிற்கும். ஸ்கேட் வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கும். தடித்த காலுறை ஒன்று போதும், இரண்டு போட்டால் கால் உள்ளே வழுக்கும். கையுறை இல்லாமல் ஐஸில் இறங்காதீர்கள். விழுந்தால் உடனே விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறவரின் பிளேடு கூர்மையானது.