பொற்கிழி யாருடைய விடைக்கு?

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற பாண்டியனின் சந்தேகம் நம் எல்லோருக்கும் தெரியும். கதை தருமி, நக்கீரன், சிவன் என்று வேறு பக்கம் ஓடிவிடுவதால் ஒரு விவரம் கண்ணில் படுவதில்லை. திருவிளையாடற் புராணத்தின்படி அந்த ஆயிரம் பொன் சரியான விடைக்கான பரிசே இல்லை. அரசன் மனதில் என்ன இருக்கிறதோ, அதைப் பாட்டாகச் சொல்பவனுக்கான பரிசு. விடையை முன்னாடியே முடிவு செய்துவிட்டு, பொற்கிழியை வெளியே தொங்கவிட்டிருக்கிறான் மனுஷன். 1965ல் வந்த படத்தில் தருமியாக நாகேஷ் புலம்புவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் அந்த அவையில் கேள்வியைக் கேள்வியாக எடுத்துக்கொண்டவன் நக்கீரன் ஒருத்தன்தான். அவனுக்குக் கிடைத்தது நெற்றிக்கண்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 ஜனவரி 5 அன்று, சென்னையில் நடந்த சிந்துவெளி நூற்றாண்டுக் கருத்தரங்கில், சிந்துவெளி எழுத்தை வாசித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். நம் பணத்தில் சுமார் 8.5 கோடி ரூபாய். வாசிப்பைத் தொல்லியல் அறிஞர்கள் ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை.

நான் இந்தப் பரிசின் பக்கம். ஏனென்றால் இது எப்போது வேண்டுமானாலும் இழுத்து மூடப்படக்கூடிய கேள்வி. 2004ல் ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்சல் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அது எழுத்தே கிடையாது, எந்த மொழியையும் அது பதிவு செய்யவில்லை என்பது வாதம். அவர்களிடம் காரணமும் இருந்தது. முத்திரைகளில் சராசரியாக 5 குறிகள்தான் இருக்கின்றன. ஒரே பக்கத்தில் கிடைத்த மிக நீளமான வரிசையில் 17. இவ்வளவு சின்னத் துண்டுகளை வைத்துக்கொண்டு யாரும் எதையும் வாசிக்கலாம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வாசித்தும் விட்டார்கள். சமஸ்கிருதம் என்றார்கள், தமிழ் என்றார்கள். ஒருவர் வாசிப்பு இன்னொருவருக்குப் பொருந்தவில்லை.

ஆனால் ஃபார்மர் இன்னொன்றும் செய்தார். குறைந்தது 50 குறிகள் கொண்ட ஒரு சிந்துவெளிப் பொறிப்பைக் கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் தருவதாக அறிவித்தார். அதாவது, தன்னைப் பொய்யாக்குபவனுக்குக் காசு. மென்பொருள் தொழிலில் எங்களுக்கு இது பழக்கமான ஏற்பாடு. நிரலில் ஓட்டை இருக்கிறது என்று நிரூபிப்பவருக்கு நிறுவனமே பணம் தரும். ‘எங்கள் நிரல் அருமை’ என்று எழுதி அனுப்பினால் பைசா பெயராது. ஃபார்மரின் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவர் கதவைச் சாத்திவிட்டுச் சாவியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். அது நேர்மை.

மூடுவதில் நேர்மையற்ற வகையும் உண்டு. அதைப் பார்க்கத் தூத்துக்குடி மாவட்டத்துக்கு வர வேண்டும். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர், சிவகளை, பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை மூன்றும் கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம். 1876ல் ஆதிச்சநல்லூரில் தோண்டிய யாகோர், கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டு போனார். 2004ல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. முழு அறிக்கை வெளிவர 15 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்கும் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கீழடியிலும் இதே கதைதான். அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையை, 2025 மே மாதம் திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருஷத்துக்கும் மேல் கையில் வைத்திருந்துவிட்டு!

இங்கே யாரும் ‘இது கேள்வியே இல்லை’ என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பதில் சொல்லலாம், சண்டை போடலாம். அறிக்கை வெளியே வராவிட்டால் எதை வைத்து வாதாடுவது? காரணம் சொல்லி மூடுபவன் எதிராளி. சத்தமில்லாமல் கோப்பை அலமாரியில் போட்டுப் பூட்டுபவனை என்னவென்று சொல்ல?

சரி, டெல்லியைத் திட்டியாச்சு. நம்ம பக்கம் வருவோம்.

அதே கருத்தரங்கை ஒட்டி, கா.ராஜனும் இரா.சிவானந்தமும் செய்த ஆய்வு நூல் வெளியானது. தமிழ்நாட்டுப் பானை ஓடுகளில் உள்ள கீறல் குறிகளில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்குச் சிந்துவெளிக் குறிகளோடு வடிவ ஒப்புமை இருக்கிறது என்றது அது. ஆசிரியர்கள் தலைப்பிலேயே இதை வடிவ ஆய்வு என்றுதான் சொல்கிறார்கள். மறுநாளே நம் ஆட்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: சிந்துவெளி எழுத்து தமிழ், கேஸ் முடிஞ்சது. ஐயா, நம்ம ‘ட’வும் ஆங்கில ‘எல்’லும் பார்க்க ஒரே கோணம்தான். அதற்காக லண்டன்காரன் தமிழ் எழுதுகிறான் என்று சொல்வோமா? இதைக் கேட்டால் உடனே ‘துரோகி’, ‘யார்கிட்ட காசு வாங்கினே?’ இதுவும் கேள்வியை மூடுவதுதான். டெல்லி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறது, நாம் மாலை போட்டுப் பூட்டுகிறோம்.

1775ல் பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு முடிவெடுத்தது. வட்டத்தைச் சதுரமாக்குவது, கோணத்தை மூன்றாகப் பிரிப்பது, நிரந்தர இயக்க இயந்திரம் என்று யார் எதை அனுப்பினாலும் இனி படிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பெரிய பரிசு காத்திருக்கிறது என்ற வதந்தியை நம்பி, ஆட்கள் பிழைப்பை விட்டுவிட்டு அந்தப் புதிர்களில் விழுந்து கிடந்தார்கள். பரிசு என்றாலே இந்த வியாதி வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1882ல் லிண்டமன், பையின் இயல்பை நிரூபித்து, கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வட்டத்துக்குச் சமமான சதுரத்தை வரையவே முடியாது என்று காட்டினார். இரண்டாயிரம் ஆண்டுக் கேள்விக்குக் கிடைத்த விடை ‘முடியாது’. கணிதத்தின் மகத்தான விடைகளில் அது ஒன்று. பாண்டியன் அவையில் லிண்டமனுக்கு ஒரு பொன் கிடைத்திருக்குமா?

2000ல் கிளே நிறுவனம் 7 கணிதப் புதிர்களுக்குத் தலா 10 லட்சம் டாலர் அறிவித்தது. அதில் கணினி அறிவியல் படித்த எவருக்கும் தெரிந்த பி–என்பி புதிரை எந்தப் பக்கம் தீர்த்தாலும் பரிசு உண்டு. ஆம் என்றாலும் அதே காசு, இல்லை என்றாலும் அதே காசு.

தமிழ்நாட்டுப் பரிசுக்கும் இதுதான் வேண்டும். ஒன்று, ‘இது எழுத்தல்ல’ என்று யாராவது ஐயத்துக்கு இடமின்றி நிறுவினால் அவருக்கும் அந்த 10 லட்சம் டாலர் போக வேண்டும். ‘எழுத்துதான், ஆனால் திராவிட மொழி அல்ல’ என்றாலும் அப்படியே. இரண்டு, நடுவர்கள் நம் அரசு தேர்ந்தெடுத்த, நம்மைப் பாராட்டுகிற ஆட்களாக மட்டும் இருக்கக் கூடாது. எழுத்தே இல்லை என்கிற தரப்பிலிருந்தும் ஒருவர் உட்கார வேண்டும். அவரையும் ஒப்புக்கொள்ள வைக்கிற விடைதான் நிற்கும். மூன்று, ஒரு வாசிப்பை நிராகரித்தால் காரணத்தை எழுதி வெளியிட வேண்டும்.

இதெல்லாம் முடியாத காரியமில்லை. சிவகளை இரும்பு விஷயத்தில் மாநிலத் தொல்லியல் துறை ஓரளவு செய்தும் காட்டியிருக்கிறது. மாதிரிகள் அகமதாபாத், லக்னோ, அமெரிக்கா என்று வெவ்வேறு ஆய்வகங்களுக்குப் போயின. கி.மு. 3345 வரை போகும் காலக்கணிப்பு 2025 ஜனவரி 23ல் அறிவிக்கப்பட்டது. அதையும் கேள்வி கேட்கலாம். கரித்துண்டின் வயது மரத்தின் வயதுதானே, இரும்பின் வயதென்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எண்களைப் பொதுவில் வைத்ததால்தான் அப்படிக் கேட்க முடிகிறது.

ஐராவதம் மகாதேவன் 1977ல் சிந்துவெளிக் குறிகளின் தொகுப்பு அட்டவணையை வெளியிட்டார். அவர் திராவிடக் கருதுகோளை ஏற்றவர். ஆனால் அந்த அட்டவணையை அவரை மறுப்பவர்களும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். கேள்வி இத்தனை வருஷம் உயிரோடு இருப்பதற்கு அந்த மாதிரி வேலைதான் காரணம். அப்போது அதற்குப் பரிசு எதுவும் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. 8.5 கோடி யாருக்குப் போகுமோ, எப்போது போகுமோ. அதுவரை கொற்கையிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த ஒவ்வொரு ஓட்டின் படமும், எந்தக் குழியில் எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்பும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் இருக்கட்டும். நம்மை மறுக்க வருபவனுக்கும் சேர்த்து.